ஜெர்மனியில் எந்தப் பாலை வாங்குவது? காபிக்கு, தயிருக்கு, பாயசத்துக்கு

ஜெர்மனிக்குக் குடிவந்த தமிழ் வீடுகளில் முதல் வாரமே எழும் குறை, காபி தண்ணியாக இருக்கிறது என்பது. சூப்பர்மார்க்கெட்டில் பால் அலமாரி பத்தடி நீளத்துக்கு இருக்கும். எதை எடுத்தாலும் ஊர்ப் பாலின் கெட்டி வராது. அடுத்த வாரம் விலை கூடிய பாலை எடுப்பார்கள். அதிலும் பெரிய மாற்றம் தெரியாது. காரணம், விலையைக் கூட்டுகிற விஷயங்கள் வேறு, நம் நாக்குக்குத் தெரிகிற விஷயங்கள் வேறு.

நாம் பாலைப் பெரும்பாலும் காய்ச்சித்தான் குடிக்கிறோம். காய்ச்சியபின் நாக்கில் நிற்பவை இரண்டு: கொழுப்பு, கொழுப்பில்லாத திடப்பொருள் (புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள்). ஆகவே காய்ச்சப்போகும் பாலுக்குக் கூடுதல் காசு கொடுப்பதானால் கொழுப்புக்குக் கொடுங்கள். பண்ணையின் படத்துக்கும் அழகான பாட்டிலுக்கும் கொடுக்க வேண்டாம். தயிர், பனீர் இரண்டுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும்.

ஊர்ப் பாலோடு ஒப்பிட்டால்

ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், மற்ற திடப்பொருள் 9 சதவீதம். பச்சை பாக்கெட் என்றால் 4.5, 8.5. நீலம் 3, 8.5. ஜெர்மனியில் ஃபோல்மில்ஹ் எனப்படும் முழுக்கொழுப்புப் பால் 3.5 சதவீதம், சில பிராண்டுகளில் 3.8. மற்ற திடப்பொருள் 8.7 வாக்கில். அதாவது இங்கே ‘முழுப் பால்’ என்று விற்பது நம் நீலப் பாக்கெட்டுக்கும் பச்சைப் பாக்கெட்டுக்கும் நடுவே நிற்கிறது. ஊரில் பால்காரரிடம் எருமைப்பால் கலந்து வாங்கிப் பழகியவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். எருமைப்பாலில் கொழுப்பே 7 சதவீதம் வரை போகும்.

இதற்கும் கீழே ஃபெட்டார்மே என்று ஒன்று உண்டு, 1.5 சதவீதம். அவசரத்தில் பலர் கையில் எடுப்பது இதைத்தான், ஏனென்றால் இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் இருக்கும். நிறத்தை நம்பாதீர்கள். ஆவின்போல எல்லாக் கடைக்கும் பொதுவான நிறக்கணக்கு இங்கே கிடையாது, கடைக்குக் கடை மாறும். பெட்டியின் முகப்பில் 3,5 என்று கமா போட்டு அச்சிட்ட எண்ணைப் பாருங்கள்.

இன்னொரு பொறி லக்டோசெஃப்ரை, அதாவது லாக்டோஸ் இல்லாத பால். அதில் லாக்டோஸை நொதி சேர்த்து குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைத்திருப்பார்கள். இரண்டும் லாக்டோஸைவிட இனிப்பு என்பதால் பால் சர்க்கரை போட்டதுபோல் இனிக்கும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல வழி. காபியில் சர்க்கரையை வழக்கத்தைவிடக் குறைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் வாங்கினால் ‘இந்த ஊர்ப் பாலே இனிக்கிறது’ என்ற முடிவுக்கு வந்துவிடுவோம்.

மூன்று வகைச் சூடு

கொழுப்புக்கு அடுத்தபடி சுவையைத் தீர்மானிப்பது, ஆலையில் பாலை எவ்வளவு சூடாக்கினார்கள் என்பது. ஒவ்வொரு பெட்டியிலும் இது எழுதியிருக்கும், சின்ன எழுத்தில்.

முதல் வகை, வழக்கமான பாஸ்டரைசேஷன்: 72 டிகிரியில் 15 விநாடி. பெட்டியில் ‘ட்ராடிட்சியோனெல் ஹேர்கெஷ்டெல்ட்’ என்று இருக்கும், அதாவது பழைய முறையில் செய்தது. திறக்காமல் ஃபிரிட்ஜில் ஒரு வாரம், பத்து நாள் நிற்கும். பச்சையாகக் குடித்தால் சுவை இதில்தான் தெளிவு. மலிவு விலைக் கடைகளில் இது எப்போதும் கிடைக்காது, பெரிய எடெக்கா, ரேவே கடைகளிலும் இயற்கை அங்காடிகளிலும் தேட வேண்டும்.

இரண்டாம் வகை, ‘லெங்கர் ஹால்ட்பார்’. குளிர் அலமாரியில் ‘ஃபிரிஷ்மில்ஹ்’ என்ற பெயரில் இருப்பதில் பெரும்பகுதி இதுதான். திறக்காமல் மூன்று வாரம் வரை நிற்கும். இதிலேயே இரண்டு உட்பிரிவு உண்டு, அதை அறிந்தவர்கள் குறைவு. ‘ஹோக்எர்ஹிட்ஸ்ட்’ என்று இருந்தால் 100 டிகிரிக்கும் மேலே சில விநாடி சூடாக்கியிருப்பார்கள். லேசான காய்ச்சிய மணம் இருக்கும். ‘பாஸ்டொய்ரிசியர்ட்’ என்பதோடு நுண்வடிகட்டல் பற்றிய குறிப்பும் இருந்தால், கொழுப்பெடுத்த பாலை மிகச் சிறு துளை வடிகட்டியில் விட்டுக் கிருமியை நீக்கி, தனியே சூடாக்கிய க்ரீமை அதோடு சேர்த்து, பிறகு பாஸ்டரைஸ் செய்திருப்பார்கள். இதன் சுவை முதல் வகைக்கு மிக அருகில் வரும், விலையோ அதே மலிவு. தயிருக்கும் பச்சையாகக் குடிக்கவும் ஒரே பால் வேண்டும் என்றால் இதுதான் நம் முதல் தேர்வு.

மூன்றாம் வகை, ஹா-மில்ஹ். குறைந்தது 135 டிகிரியில் ஓரிரு விநாடி. திறக்காமல் அறை வெப்பத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும். பால் புரதம் சூட்டில் உடைந்து கந்தகச் சேர்மங்கள் வெளிவருவதால் ஒரு காய்ச்சிய வாடை வரும். பச்சையாகக் குடித்தால் உடனே தெரியும். ஆனால் இஞ்சி ஏலக்காய் தட்டிப்போட்ட டீயிலோ, சிக்கரி கலந்த டிகாக்‌ஷனிலோ அது தெரியாது. பாயசத்துக்கும் பால்கோவாவுக்கும் எப்படியும் அரை மணி நேரம் கொதிக்கவிடப் போகிறோம், அங்கே ஹா-மில்ஹை ஒதுக்க ஒரு காரணமும் இல்லை.

இந்த மூன்றில் எதையும் பாதுகாப்புக்காக வீட்டில் மறுபடி காய்ச்ச வேண்டியதில்லை. காபிக்குச் சூடு வேண்டும் என்பதற்காகக் காய்ச்சுகிறோம், அவ்வளவே. பொங்கி வரும்வரை காத்திருக்கும் பழக்கத்தை விட்டுத் தேவையான அளவை மட்டும் சூடாக்கினால் சுவையும் மிஞ்சும், மின்சாரமும் மிஞ்சும். மின் அடுப்பில் பாத்திரம் அடிப்பிடிக்காமல் இருக்க, பால் ஊற்றுமுன் உள்ளே தண்ணீர் விட்டு அலசி, துடைக்காமல் ஊற்றுங்கள். சூட்டை முழுவதாக வைக்காமல் 9-ல் 6 அளவில் வையுங்கள்.

விலை கூடினால் என்ன கூடுகிறது?

கடையின் சொந்தப் பெயரில் வரும் பால் (ஆல்டியில் மில்சானி, லிடிலில் மில்போனா, ரேவேயில் யா!, எடெக்காவில் குட் உண்ட் குன்ஸ்டிக்) லிட்டர் 1 யூரோவை ஒட்டி இருக்கும். ஒரு கடை குறைத்தால் மற்றவையும் பெரும்பாலும் அதே வாரத்தில் குறைக்கும், ஆகவே பத்து சென்ட்டுக்காகப் பேருந்து ஏறி வேறு கடைக்குப் போவதில் பயனில்லை. பிராண்டுப் பால் ஒன்றரை யூரோ வரை போகும். இரண்டும் ஒரே ஆலையிலிருந்து வந்தவையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் சிறு முட்டை வடிவ முத்திரை இருக்கும். மேலே நாட்டின் எழுத்து, நடுவில் மாநிலச் சுருக்கமும் ஆலை எண்ணும், கீழே ஈஜி. இந்த எண் ஒன்றாக இருந்தால் ஆலை ஒன்று. பால் ஒன்றேதான் என்று அதற்குப் பொருள் ஆகாது, கொழுப்பும் சூடும் மாறலாம். அந்த இரண்டும் பெட்டியிலேயே எழுதியிருப்பதால் ஒப்பிடுவது எளிது. எண்ணும் கொழுப்பும் சூடும் ஒன்றாக இருந்தால் கூடுதல் ஐம்பது சென்ட்டில் சுவை வாங்குகிறோம் என்று நம்ப வேண்டாம்.

பயோ பால், அதாவது இயற்கை வேளாண்மைப் பால், லிட்டருக்கு இருபது முப்பது சென்ட் கூடுதல். மாட்டுக்கான தீவனம், மேய்ச்சல், மருந்து குறித்த விதிகளுக்காக அதை வாங்குகிறவர்கள் வாங்கட்டும், அது நியாயமான காரணம். காபி கெட்டியாகும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் கொழுப்பு அதே 3.5 அல்லது 3.8. ஹொய்மில்ஹ் என்பது புளிக்கவைத்த பசுந்தீவனம் கொடுக்காமல் புல்லும் வைக்கோல்போல் உலர்ந்த புல்லும் கொடுத்து வளர்த்த மாட்டின் பால். பச்சையாகக் குடித்தால் மணம் மென்மையாக இருக்கும். காய்ச்சி, டிகாக்‌ஷன் ஊற்றியபின் அதைக் கண்டுபிடிக்க நல்ல நாக்கு வேண்டும்.

தனியாகச் சொல்ல வேண்டியது டெமெட்டர் என்ற இயற்கை வேளாண்மை முத்திரை உள்ள பால். அதன் விதிகள் ஹோமோஜனைஸ் செய்வதை அனுமதிப்பதில்லை. மற்ற பால்களில் கொழுப்புத் துளிகளை அழுத்தி உடைத்துச் சிதறடித்துவிடுவதால் ஏடு மேலே திரளாது, காய்ச்சினால் மெல்லிய தோல் மட்டும் படியும். டெமெட்டர் பாலில் ஊர்ப் பால்போல் க்ரீம் மேலே மிதக்கும். பாட்டிலின் கழுத்தில் அது அடைத்துக்கொண்டு நின்றால் கெட்டுப்போனதென்று கொட்டிவிடாதீர்கள், குலுக்கி ஊற்றுங்கள். ஆடை தடித்த பால்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கடையில் கிடைப்பதில் இதற்கு ஈடில்லை. லிட்டர் இரண்டு யூரோவை நெருங்கும் என்பதால் தினசரி நான்கு காபிக்கு இது கட்டுப்படியாகாது.

கண்ணாடிப் பாட்டில் பாலுக்கு 15 சென்ட் ஃபாண்ட், அதாவது பாட்டில் வைப்புத்தொகை, சேர்த்து வாங்குவார்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் பாலுக்கு 2024 ஜனவரி முதல் 25 சென்ட். இரண்டும் திரும்பக் கிடைக்கும், விலை ஒப்பிடும்போது இவற்றைக் கழித்துவிடுங்கள். நிறமில்லாக் கண்ணாடிப் பாட்டில் கடை விளக்கொளியில் நின்றால் பாலில் ஒருவித அட்டைப்பெட்டி வாடை ஏறும். அலமாரியின் பின்வரிசையிலிருந்து எடுங்கள்.

பண்ணைப் பால்

சுவைக்கும் விலைக்கும் சேர்த்துப் பார்த்தால் முதலிடம் இதற்குத்தான், அருகில் இருந்தால். கிராமங்களில், சிறு நகர ஓரங்களில், மில்ஹ்டாங்க்‌ஷ்டெல்லே என்ற தானியங்கி இருக்கும். நாணயம் போட்டால் கறந்து குளிர்வித்த பால் குழாயில் வரும். லிட்டர் 1 யூரோவிலிருந்து ஒன்றரை யூரோ. கொழுப்பு குறைப்பதில்லை, 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஹோமோஜனைஸ் செய்யாததால் ஆடையும் கட்டும்.

இது பச்சைப் பால், பாஸ்டரைஸ் செய்யாதது. ‘குடிக்குமுன் கொதிக்கவைக்கவும்’ என்ற பலகை சட்டப்படி அங்கே இருந்தாக வேண்டும். ஈஹெக் எனப்படும் ஈ.கோலை வகை, கேம்பிலோபாக்டர், லிஸ்டீரியா போன்ற கிருமிகள் பச்சைப் பாலில் இருக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அபாயம் அதிகம். நமக்குக் காய்ச்சுவது கைப்பழக்கம் என்பதால் இந்த விதி சுமையாகத் தெரியாது. ஆனால் வழியிலேயே குழந்தைக்கு ஒரு வாய் கொடுத்துப் பார்ப்பதைத் தவிருங்கள்.

போகும்போது வெந்நீரில் கழுவிய கண்ணாடிப் பாட்டிலும், பனிக்கட்டிப் பொதியோடு குளிர்ப்பையும் கொண்டுபோங்கள். வீடு வந்ததும் முழுவதையும் நன்றாகப் பொங்க வைத்து, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். காரில் இருபது கிலோமீட்டர் போய் இரண்டு லிட்டர் வாங்கினால் பெட்ரோல் செலவில் டெமெட்டர் பாலே வாங்கியிருக்கலாம். சைக்கிளில் போகும் தூரம், அல்லது இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து முறைவைத்து வாங்குவது, இவற்றில் ஒன்று இருந்தால் மட்டும் லாபம்.

கடைப் பாலைக் கெட்டியாக்க நான்கு வழி

பண்ணை அருகில் இல்லாதவர்களுக்கு உண்மையான தீர்வு இங்கேதான் இருக்கிறது.

க்ரீம் சேர்ப்பது: ஷ்லாக்சானே எனப்படும் 30 சதவீத க்ரீம் 200 மில்லி டப்பாவில் 1 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். ஒரு லிட்டர் 3.5 சதவீதப் பாலில் 40 மில்லி சேர்த்தால் 4.5 சதவீதம் ஆகும், பச்சைப் பாக்கெட் அளவு. 100 மில்லி சேர்த்தால் 6 சதவீதத்தை எட்டும். சேர்த்துக் காய்ச்சி, கரண்டியால் நன்றாக ஆற்றினால் எண்ணெய் மிதக்காது. இனிப்புச் சேர்த்த க்ரீமோ, தாவரக் கொழுப்புக் க்ரீமோ எடுத்துவிடாதீர்கள். இதன் குறை, கொழுப்பு ஏறுமே தவிர மற்ற திடப்பொருள் ஏறாது. வழுவழுப்பு வரும், ‘கெட்டி’ முழுதாக வராது. க்ரீமோடு ஒரு மேசைக்கரண்டி கொழுப்பில்லாப் பால்பொடியும் போட்டால் ஆரஞ்சு பாக்கெட்டுக்கு மிக அருகில் போய்விடும்.

கொண்டென்ஸ்மில்ஹ்: இனிப்பில்லாத, சுண்டிய பால். 7.5 சதவீதம், 10 சதவீதம் போன்ற அளவுகளில் கிடைக்கும். 400 மில்லி பாலுக்கு 7.5 சதவீத வகையில் 100 மில்லி சேர்த்தால் கொழுப்பு 4.3 வாக்கிலும் மற்ற திடப்பொருள் 10.5 வாக்கிலும் போகும். இரண்டும் ஒருசேர ஏறுவதால் டீக்கடை டீயின் கனம் வருவது இதில்தான். நிறம் சற்று மங்கலாகும், சுண்டிய வாசம் இருக்கும். டீக்கு அது அழகு. ஃபில்டர் காபியில் டிகாக்‌ஷனின் மணத்தைக் கொஞ்சம் அமுக்கும், ஆகவே காபிக்கு க்ரீம், டீக்கு கொண்டென்ஸ்மில்ஹ் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பால்பொடி: இலங்கைத் தமிழர்களின் கடைகளில் முழுக்கொழுப்புப் பால்பொடி எப்போதும் இருக்கும். பொடியில் போட்ட தேநீருக்குப் பழகிய நாக்குக்கு வேறெதுவும் ஈடாகாது. லிட்டர் பாலில் 20 கிராம் கலந்தால் திடப்பொருள் கணிசமாக ஏறும். கொதிக்கும் பாலில் நேரே கொட்டினால் கட்டி தட்டும், இளஞ்சூட்டு நீரில் குழைத்து ஊற்ற வேண்டும்.

சுண்டக் காய்ச்சுவது: ஒரு லிட்டரை முக்கால் லிட்டராக்கினால் 3.5 சதவீதம் 4.7 ஆகும், மற்றதும் அதே விகிதத்தில் ஏறும். மின் செலவு பத்து சென்ட் அளவில்தான். ஆனால் கால் லிட்டர் ஆவியாகப் போய்விடுவதால் குடிக்கிற லிட்டருக்கான விலை நாற்பது சென்ட்டுக்கு மேல் கூடிவிடுகிறது, இருபது நிமிடம் அடுப்படியில் நிற்கவும் வேண்டும். விசேஷ நாளுக்குச் சரி.

பாலை இவ்வளவு சீர்செய்தும் டீ மங்கலாக, மேலே படலம் கட்டி வந்தால் பாலைக் குறைசொல்லாதீர்கள். மியூனிக் போன்ற ஊர்களில் தண்ணீர் கடின நீர், சுண்ணாம்பு அதிகம். தண்ணீரை வடிகட்டிக் குடத்தில் விட்டுப் பாருங்கள், டீயின் நிறமே மாறிவிடும்.

தயிரும் பனீரும்

தயிருக்கு 3.5 அல்லது 3.8 சதவீத ‘லெங்கர் ஹால்ட்பார்’ பால் போதும். பொங்கியதும் இறக்காமல் சிறு தீயில் ஐந்து பத்து நிமிடம் வையுங்கள், புரதம் விரிந்து தயிர் இறுகும். ஆறி 43 டிகிரிக்கு வந்ததும், அதாவது விரல் விட்டால் சூடு பொறுக்கும் பதத்தில், லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உறை. குளிர்காலத்தில் வீட்டின் 20 டிகிரியில் உறையாது. ஓவனின் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைத்தால் ஆறேழு மணி நேரத்தில் உறைந்துவிடும். ஓவனை 50 டிகிரியில் ஓடவிட்டால் உறைக் கிருமி வாடிப் பால் நீர்த்தே கிடக்கும்.

உறைக்கு வாங்கும் யோகர்ட்டின் மூடியைப் படியுங்கள். ‘மில்ட்’ என்றிருப்பதில் புளிப்பு குறைவான கிருமி வகை இருக்கும், மோர்க்குழம்புக்கு வேண்டிய புளிப்பு வராது. ‘யோகர்ட்’ என்று மட்டும் இருப்பதை எடுங்கள். ‘வேர்மேபெஹாண்டெல்ட்’ என்றிருந்தால் சூடாக்கிக் கிருமி செத்தது, அதில் உறையே பிடிக்காது. தயிர் நூல் நூலாக இழுத்தால் அது அந்தக் கடை யோகர்ட்டின் கிருமி வகையின் இயல்பு, பாலின் குற்றமில்லை. பிராண்டை மாற்றுங்கள், அல்லது நன்றாக உறையும் வீட்டிலிருந்து ஒரு கரண்டி வாங்கி வாருங்கள்.

பனீருக்கு ஹா-மில்ஹ் வேண்டவே வேண்டாம். மிகுந்த சூட்டில் புரதங்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று பிணைந்துவிட்டதால், எலுமிச்சை விட்டால் பொடிப்பொடியாகத் திரிந்து துணியில் வழியும், துண்டு போட வராது. பழைய முறைப் பாலோ பண்ணைப் பாலோ எடுங்கள்.

நெய்க்குப் பாலிலிருந்து ஆடை சேர்க்க முயல வேண்டாம். ஸவர்ராம்புட்டர் எனப்படும், புளித்த க்ரீமில் எடுத்த வெண்ணெய் 250 கிராம் உருக்கினால் 200 கிராம் நெய் வரும், மணமும் ஊர் நெய்க்கு அருகில்.

வாங்கி வைப்பது

ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். அதனால் எந்தப் பாலைத் தேர்ந்தாலும் அலமாரியில் இரண்டு மூன்று ஹா-மில்ஹ் பெட்டி இருக்கட்டும். திறந்தபின் எல்லா வகைக்கும் ஆயுள் ஒன்றுதான், ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள். கதவுத் தட்டு ஃபிரிட்ஜில் சூடான இடம், கீழ்த்தட்டின் பின்புறம் வையுங்கள். திறந்த ஹா-மில்ஹ் கெடும்போது புளிக்காமல் கசக்கும், மோந்து பார்த்தால் தெரியாமல் போகலாம். பெட்டியில் திறந்த தேதியை எழுதிவிடுங்கள்.

தனியாக இருக்கும் மாணவருக்கு 3.5 சதவீத ஹா-மில்ஹும் ஒரு டப்பா கொண்டென்ஸ்மில்ஹும் போதும், தயிரைக் கடையில் வாங்குவதே மலிவு. நான்கு பேர் குடும்பத்துக்கு வாரம் ஆறேழு லிட்டர் ஆகும் என்றால், நான்கு லிட்டர் கடைப்பெயர் ‘லெங்கர் ஹால்ட்பார்’ தயிருக்கும் காபிக்கும், மீதி ஹா-மில்ஹ் டீக்கு, வாரம் ஒரு டப்பா க்ரீம். இந்தக் கூடை முழுவதும் எட்டு யூரோவை ஒட்டி முடியும். அதே அளவு பிராண்டுப் பாலை மட்டும் வாங்கினால் பத்து யூரோவைத் தொட்டும் காபி தண்ணியாகவே இருக்கும்.